ஓரத்து உரையும் என் வயிற்றெரிச்சலும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகர வாசகர் மன்றத் தலைவர் ஹாதி அவர்களே, வாங்கிய நூல்களால் வீட்டை நிறைத்த பெரியோர்களே, அவற்றைத் தூசி தட்டியே தோள் தேய்ந்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த முக்தாரின் ஸலாம்!

செயலாளர் பொறுப்பிலிருந்து விடைபெறும் ஃபௌஸியைப் பாராட்டவே என்னை அழைத்தார்கள். பாராட்டுவேன். அதற்குமுன் ஒன்று சொல்கிறேன். அவர்மேல் எனக்குப் பொறாமை. பொறாமையென்றால் பொல்லாத பொறாமை! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

என் மனைவி ஷத்லியாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பி.டி.எஃப். பக்கத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தைப் பருமனாக்கிப் படிக்கும்படி மின்னூலாக்கித் தருகிறேனென்று மார்தட்டினேன். எடுத்ததோ இரண்டு பாகம் கொண்ட பழைய கடற்பயண நூல். நம் பழைய அரபு அச்சு வழக்கப்படி நடுவில் மூலம், சுற்றிலும் ஓரத்தில் உரை. கணினி அறியுமா அந்தக் கட்டுக்கோப்பை? வலது ஓரம் தொட்டு இடது ஓரம்வரை ஒரே வரியாக வாரிக் கொடுத்தது. நானும் சரிபார்க்காமல் அவள் வாசிப்புக் கருவியில் ஏற்றினேன்.

"ஏங்க, கப்பல் கிளம்புச்சா இல்லியா? வரிக்கு வரி ஒருத்தன் நடுவுல பூந்து, இது பொய், அது தப்புன்னு சண்டை பிடிக்கிறான்" என்றாள்.

"உரைகாரர் அப்படித்தான். பொறுமையாப் படி" என்றேன்.

மறுவாரம் காலையில் ரொட்டியை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தோய்த்தபடி, கருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மாத்திக் குடுத்தது?"

"ஃபௌஸி. மூலத்தைத் தனியா, உரையைத் தனியா பிரிச்சு வச்சிருக்கார். உங்களை ஒண்ணும் சொல்லலை, டீயைக் குடிங்க."

டீயா குடித்தேன்? என் வீட்டில், என் மேசையில், என் மனைவியின் சிரிப்பை இன்னொருவர் கைவேலை கொண்டுவருவதா? வயிறு எரிந்தது ஐயா, வயிறு எரிந்தது! அன்றே இம்மன்றத்தில், ஃபௌஸியின் மின்னூலில் வரிகள் விடுபட்டிருக்கின்றன என்றேன். நீங்களும் நம்பி மன்றத் தொகுப்பிலிருந்து அதை அழித்தீர்கள். மனம் நொந்த ஃபௌஸி மின்னூலாக்கும் வேலையையே விட்டார். இரண்டாம் பாகம் அப்படியே நின்றது.

பின்வரிசையில் கேட்கிறார்கள், "நெசமாவே வரி விட்டுப்போச்சா?" என்று. ஒன்றாவது விட்டிருக்கக் கூடாதா என்று ஒன்பது நாள் அச்சுநூலோடு ஒப்பிட்டேன். வரி விடுபட்டதா? இல்லை! சொல் சிதைந்ததா? இல்லை! ஓர் உரையாவது இடம் மாறியதா? இல்லவே இல்லை! பொய் சொன்னவன் நான்.

மூன்றாம் வரிசையில் ஷத்லியா இதை இப்போதுதான் கேட்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோடைவரைதான் பார்வை தாங்கும் என்கிறார் மருத்துவர். நான் படித்துக் காட்டவா என்றால், "வேண்டாம், கப்பல் கரைசேர்றதை நானே என் கண்ணால படிக்கணும்" என்கிறாள்.

ஃபௌஸி அவர்களே, பொறாமை இன்னும் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. இரண்டாம் பாகத்தை மாற்றித் தாருங்கள். முகப்பில் உங்கள் பெயரைப் போடுங்கள். அவள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகவே போடுங்கள்!

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்.