ஏராவில் தட்டிப் பார்த்தவன்

பழைய பாய்மரப் படகு வாங்க வருகிறவர்கள் முதலில் உள்ளே இருக்கிற அடுப்பைத்தான் பார்ப்பார்கள். பிறகு மெத்தையில் குந்திப் பார்ப்பார்கள். பிள்ளை எங்கே படுக்கும், தேத்தண்ணி எங்கே ஊற்றலாம் என்று பேசிச் சிரிப்பார்கள். ஜெர்மனியில் இந்தக் கீல் நகரத்துப் படகுப் பட்டறையில் கனகாலம் வேலை செய்தவன் நான்; இதில் எனக்குப் பிழை வராது. அடியில் என்ன தொங்குகிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. நித்தியானந்தனும் அப்படித்தான், நேரே அடுப்படிக்குப் போனான்.

தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்கும்போது இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நித்தி என் எதிரி இல்லை. இந்த ஊருக்கு வந்த முதல் வருடத்திலிருந்து கூட்டாளி. யாழ்ப்பாணத்தில் அவனுடைய ஆட்கள் கடல்தொழில் செய்கிற எங்கள் குருநகர் வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இங்கே அவன் என் வீட்டுக் கணவாய்க் கறிச்சட்டியை வழித்துச் சாப்பிடுவான். பழைய சாதிக் கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு அவன்மேல் கோபமே இல்லை.

அவனுக்கும் மனைவி தேவமலருக்கும் சனி, ஞாயிறு உணவகத்தில் வேலை. அந்த இரண்டு நாளும் அவர்களுடைய மகள் சிவானுஜா எங்கள் வீட்டில்தான். எனக்கும் என் மனைவி செல்லத்துக்கும் பிள்ளை இல்லை. செல்லம் ஒவ்வொரு கோடையும் கேவலார் மாதா கோயிலுக்குப் போய், மெழுகுதிரி கொளுத்தி, கண் வீங்க அழுதுவிட்டு வருவாள். பிள்ளையில்லா வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம் என்று ஊரில் கேலி சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் துள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "மாமி, புட்டு இருக்கோ?" என்று கத்திக்கொண்டு ஓடி வரும்வரை அது செத்த வீடுதான்.

இரண்டாயிரமாம் ஆண்டு நித்திக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தேவமலர் உணவக வேலையை விட்டாள். சனி, ஞாயிறு இருவருக்கும் ஓய்வு. அவனோடு வேலை செய்த ஜெர்மன்காரர்கள் பாதிப்பேரிடம் படகு இருந்தது. அவனுக்கும் ஆசை பிடித்தது.

"ஜேசண்ணை, இனிச் சனி ஞாயிறெண்டா நாங்கள் பிள்ளையோடை கடல்லைதான். உங்களுக்கும் கரைச்சல் குறையும்," என்றான்.

பிள்ளை ஏதோ தொல்லைபோலக் கரைச்சல் என்றானே, அதைக் கேட்டதும் செல்லம் குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் நித்தியைப் பார்த்துச் சிரித்தேன். ஆசைப்பட்டவனைத் தடுக்கக் கூடாது.

அடுத்து வந்த வசந்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் படகை விற்க இருந்தார். நாலு பேர் படுக்கலாம். சின்னக் குடும்பத்துக்கு அளவானது. நித்தியும் தேவமலரும் உள்ளே அடுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் கீழே நின்ற என்னிடம் வந்தார். ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறது, மாற்றாமல் கடலில் இறக்கக் கூடாது, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். ஏரா என்பது படகின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிற கனமான இரும்பு. அது இருக்கும்வரை காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகு நிமிரும். அது கழன்றால் படகு மூச்சு விடுவதற்குள் கவிழும்.

நல்ல மனிதர். சொல்கிறேன் என்றேன்.

தேவமலருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "படகு சோதிக்கிற ஜெர்மன்காரன் ஒராளைக் கூப்பிட்டுக் காட்டுவமே?" என்றாள்.

நித்தி சிரித்தான். "உனக்கென்ன விசரே? கடல்லை பிறந்த மனுசன் பக்கத்திலை நிக்கிறார். அண்ணை, நீங்கள் தட்டிப் பாத்துச் சொல்லுங்கோ. அது காணும்."

எங்கள் கரையில் அப்படி ஒரு முறை உண்டு. வள்ளம் இறக்குமுன் அனுபவசாலி ஒருவன் ஏராவில் தட்டிப் பார்ப்பான். "இறக்கலாம்" என்று அவன் சொன்னால் அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. ஆனால் தட்டிப் பார்த்தவன் முதல் ஓட்டத்தில் கூடப் போக வேண்டும். தன் உயிரையும் ஏற்றுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது கணக்கு. இதை நித்திக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், ஏதோ ஒரு பியர்ப் போத்தலுக்கு முன்னால்.

அடிப்பலகையைத் தூக்கிவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணிபோலப் பேசும். இத்துப்போன இரும்பு டொக் என்று நின்றுவிடும். முதலாவது போல்ட் டொக் என்றது. அடுத்ததும் டொக் என்றது. மேலேயிருந்து நித்தி, தேவமலர், பிள்ளை என்று மூன்று முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இறக்கலாம்," என்றேன்.

அவர்கள் வாங்கினார்கள். படகும் ஏராவும் சேருகிற இடத்தில் பழுப்பாக ஒரு கசிவு இருந்தது. அதைச் சுரண்டி, பசை வைத்து அடைத்து, மேலே நீல வர்ணம் பூசினேன். சுத்தமான வேலை. நித்தி தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணையின்ரை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்," என்றான்.

இறக்கிய நாளில் தேவமலர் படகின் முன்பக்க அணியத்தில் தேங்காய் உடைத்தாள். செல்லம் கேவலாரிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தாள். முதல் ஓட்டத்தில் நான் போனேன். முறையை நான் மீறவில்லை. காற்றில்லாத நாளாகப் பார்த்து, சுக்கானை நானே பிடித்து, சாயவிடாமல் குடாவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். செல்லத்தை ஏற்றவில்லை. அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

அடுத்த சனிக்கிழமை நல்ல காற்று. அவர்கள் தனியே புறப்பட்டார்கள். நான் துறைக்குப் போய், சிவானுஜாவுக்கு வாங்கியிருந்த செம்மஞ்சள் நிற மிதக்கும் ஜக்கெற்றைப் போட்டு, வார்களை இறுக்கிவிட்டேன். புழுக்கமாக இருக்கிறது என்று சிணுங்கினாள். குந்தியிருந்து அவளுடைய காதுக்குள் சொன்னேன்: "மாமா சொல்லுறன். அப்பா கழட்டச் சொன்னாலும் கழட்டாதை. வள்ளத்துக்குள்ளை இறங்காதை. வெளியிலையே இரு."

தேவமலர் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாளாம். மகளிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, கோப்பையை வாங்க நித்தி உள்ளே இறங்கினானாம். அந்த நேரத்தில் ஏரா கழன்றது. பிள்ளை ஜக்கெற்றோடு கவிழ்ந்த படகின் பக்கத்தில் மிதந்தாள். மீன்பிடிப் படகொன்று அவளைத் தூக்கியெடுத்தது. நடந்ததை அவள் ஒரேயொரு தடவைதான் எங்களுக்குச் சொன்னாள்.

"அப்பா உள்ளுக்கிருந்து தட்டினவர். நானும் திருப்பித் தட்டினன். பிறகு அவர் தட்டேல்லை."

அப்போது நடந்த விசாரணையில் ஆசிரியர், துரு இருப்பதை உங்களிடம் சொன்னேனே என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். இல்லை என்றேன். அவர் தன்னைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் துறைப் பக்கம் வந்ததே இல்லை. லண்டனில் இருந்து பிள்ளையின் சித்தப்பா வந்தார். அவள் செல்லத்தின் சீலையைப் பிடித்த பிடியை விடவில்லை. அதிகாரிகளும் பார்த்துவிட்டு எங்களிடமே விட்டார்கள். செல்லம் அந்த வருடத்தோடு கேவலாருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டதால்தான் என்று நினைத்தேன். ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

பிள்ளையை நன்றாக வளர்த்தோம். அயலைக் கேளுங்கள். ஒரு குறை வைக்கவில்லை. குறை எனக்குத்தான். பட்டறையில் எந்தப் படகைத் தட்டினாலும் டொக் என்றுதான் கேட்டது. புது இரும்பும் டொக். முழுக்க நல்ல படகுகளைக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைப் பாய் தைக்கிற பக்கம் மாற்றிவிட்டார்கள். குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கிக் குழாய் விரியும்போது அதே சத்தம் வரும். சாப்பிடுகிற நேரம் வரும். நான் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பேன். நிமிர்ந்தால் சிவானுஜாவும் கையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் எழும்பிப் போய், விரலை மடக்கி, அந்தக் குழாயில் திருப்பித் தட்டினாள்.

பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது; இப்போது அவளுக்கு ஆஹென் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கொண்டுபோகப் பெட்டி எடுக்க நிலவறைக்குப் போனவள், அந்த ஜக்கெற்றோடு மேலே வந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"மாமா, வள்ளம் நல்லதெண்டுதானே அப்பாவுக்குச் சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"பிறகேன் என்னை மட்டும் கழட்டாதை, உள்ளுக்கை இறங்காதை எண்டு சொன்னனீங்கள்?"

செல்லம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவே இல்லை. நான் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். பயத்தில் சொன்னது என்றிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"நீ எங்களுக்கு வேணும் எண்டுதான்," என்றேன்.

அவள் அழவில்லை. "வெளிக்கிடுங்கோ," என்றாள். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் முன்னால் போய் நின்றாள். இங்கே வாசலில் இருந்த பொலிஸ்காரரிடம் "இவர்தான்" என்று மட்டும் சொன்னாள். மாமா என்று சொல்லவில்லை. களைத்துப் போயிருப்பாள், பாவம்.

நித்தியையும் தேவமலரையும் கொன்றது நான்தான். அதை இந்த அதிகாரி எப்படி எழுதினாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைக் கடலில் இருந்து காப்பாற்றியதும் நான்தான். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

தங்கச்சி, இன்னுமொன்று. அவள் வெளியே ஆட்கள் குந்துகிற வாங்கில்தான் இருப்பாள். இல்லை, போய்விட்டாள் என்று இந்த அதிகாரி சொல்கிறார். இவருக்குத் தெரியாது, என்னை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? வெளியில் நல்ல காற்று. ஜக்கெற்றைப் போடச் சொன்னேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் போடுவாள். அன்றைக்கும் நான் சொல்லித்தான் போட்டாள்.