செல்லமுத்துவின் பேர் பதிந்த செய்தி

இன்று காலை நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், கல்லூரியில் உதைபந்தாட்டம் பழக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். இந்தப் பருவம் முழுவதும் அவருடைய அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பக்கத்தில், மடியில் பொட்டலத்துடன், அவருடைய முன்வரிசை ஆட்டக்காரன் செல்லமுத்துவின் தகப்பனார் இருந்தார்.

"செல்லமுத்து ரெண்டு நாளா வரேல்லை. காய்ச்சலோ?"

"இல்லீங்கையா. அவனுக்குப் பேர் பதிஞ்சாச்சுங்க."

"கொழும்புக் கழகத்திலையோ! நான் அப்பவே சொன்னனான்!"

"தோட்டத்துலங்க. மலைக்கு வேலைக்குப் போறான்."

மாஸ்டரின் குடை கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

"சனிக்கிழமை இறுதி ஆட்டமெல்லோ! ஒரு கிழமை பொறுத்திருக்கலாமே?"

"மூச்சு முட்டுதுன்னு என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. வீட்டுல ஒருத்தருக்காவது பேர் இல்லேன்னா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவ விட்டுட்டுப் போகணும். தோட்டத்துத் தொரையே கூப்பிட்டு வேலை குடுத்தாருங்க."

"நல்ல மனுசன். அப்ப சனிக்கிழமை லீவும் தருவார்."

"குடுத்துட்டாருங்க. தோட்டத்து டீமுக்கு ஆடணும்னுதான் பேரே பதிஞ்சாரு."

"ஐயோ, எங்களுக்கு எதிராயோ!"

கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார். தகப்பனார் பொட்டலத்தை மாஸ்டரின் மடியில் வைத்தார்.

"கல்லூரிச் சப்பாத்துங்க. குடுத்துட்டு வரச் சொன்னான்."

"அப்ப என்னத்தைப் போட்டு ஆடப்போறான்?"

"வெறுங்காலுதாங்க. சப்பாத்து போட்டா அவனுக்குப் பாதி ஓட்டந்தான் வருமாம். உங்களுக்குப் பயந்து இந்த வருசம் பூரா சொல்லலீங்களாம்."