எந்த அண்ணன்

—இருங்கண்ணே, முதல்ல தேதி. ஜூன் பதினொன்னு, செவ்வாய்க்கிழமை. சட்ட உதவி மையம், டர்பன். மனுதாரர் மெல்கியோர், புருண்டிக்காரர், அகதி மனு. அடடா, ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். உங்க அண்ணன் போஸ்கோவை இறந்தவங்க வரிசையில எழுதிட்டேன். அடிச்சிட்டேன்.

—விடு லிண்டிவே. உனக்கு முன்னாடியே அப்படி எழுதின ஆளு உண்டு.

—யாரு?

—முதல் விசாரணையில வந்த மொழிபெயர்ப்பாளர். என் 'ந்டுகு' காஸ்பாரைப் பாலத்துகிட்ட கொன்னுட்டாங்க, அடுத்தது நான்னு சுவாஹிலில சொன்னேன். அவரு அண்ணன்னு எழுதிட்டாரு. காஸ்பார் என்கூடப் பந்து விளையாடினவன்.

—அப்ப அந்த வார்த்தைக்கு அண்ணன்னு அர்த்தம் இல்லையா?

—உண்டு. நீ என்னைக் காலையிலேருந்து அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுற. நமக்கு ஒரே அம்மாவா?

—சரி, புரியுது.

—உனக்குப் புரியுது. என்னை விசாரிச்ச அதிகாரி அடுத்து, கூடப்பிறந்தவங்க எத்தனை பேருன்னாரு. ஒரே அண்ணன், போஸ்கோ, ஊர்ல தையக்கடை, சௌக்கியமா இருக்கான்னேன். பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. செத்தவன் எப்படிப்பா தைக்கிறான்னு கேட்டாரு. பொய்யன்னு மனுவைத் தள்ளிட்டாங்க.

—கோர்ட்டுக்குப் போனீங்களே?

—போனேன். நீதிபதி நல்ல பொம்பளை, எனக்குத் தண்ணி குடுக்கச் சொன்னாங்க. அப்புறம், வார்த்தைக் குழப்பத்தை அன்னைக்கே சொல்லியிருக்கணும்னுட்டாங்க. மறுபடி மனு போட்டேன். சொன்னதையே சொல்றேன்னு மார்ச்ல அதுவும் போச்சு.

—அதுதான் இப்ப இருக்குற சிக்கல். முடிஞ்ச வழக்கைத் திரும்பக் கிளற விடமாட்டாங்க. மார்ச் தீர்ப்புக்கு அப்புறம் உங்க ஊர்ல புதுசா ஏதாவது நடந்திருந்தாதான் இன்னொரு மனுவே எடுப்பாங்க. நேத்து சட்டக் கல்லூரி சாயங்கால வகுப்புலயும் இதைத்தான் நடத்தினாங்க. நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு மேடம்கிட்ட இன்னொரு தடவை கேட்டுக்கிட்டேன்.

—எடுக்கலன்னா?

—வெள்ளிக்கிழமையோட உங்க அனுமதிச் சீட்டு முடியுது. அப்புறம் பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க.

—அனுப்பினா அதே பாலம்தான்.

—அதனாலதான் கேக்குறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புதுசா என்ன நடந்துச்சு?

—கடற்கரையில நான் கார் பாத்துக்குற இடத்தை மாத்திட்டாங்க. முன்னாடி நிழல். இப்ப வெயில்.

—அது டர்பன்ல, அண்ணே.

—கடைவாய்ப் பல்லு ஒண்ணு விழுந்துச்சு.

—அதுவும் டர்பன்லதான் விழுந்திருக்கும். ஊர்ல என்ன?

—காஸ்பாரைக் கொன்ன கட்சிப் பசங்க அங்கேயேதான் சுத்துறாங்க.

—அது பழசு. தீர்ப்புலயே எழுதியிருக்கு.

—பழசாயிட்டா பயம் போயிடுமா?

—போகாது. ஆனா கணக்குல வராது. எனக்கு வேற எப்படிக் கேக்குறதுன்னு தெரியலண்ணே. இப்படியே அனுப்பினா படிக்காமலே திருப்பிடுவாங்க.

—ஒண்ணு இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு உங்க மாடிப்படி ஏறுற வரைக்கும் யோசிச்சேன்.

—சொல்லுங்க.

—போன வியாழக்கிழமை அண்ணி ஃபோன் பண்ணினா. அந்தப் பசங்க தையக்கடைக்கு வந்திருக்காங்க. உன் தம்பி எங்கடான்னு கேட்டிருக்காங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு அவன் பாட்டுக்கு மிஷினை மிதிச்சிருக்கான். கூட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் ஆத்தோரமா கிடந்தான்.

—யாரு, போஸ்கோவா?

—போஸ்கோதான். இந்தத் தடவை ஒரே அம்மா.

—அண்ணே, இது போதும். மார்ச்சுக்கு அப்புறம் நடந்திருக்கு, உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க, கண்டிப்பா எடுத்துப்பாங்க... கடவுளே, நான் என்ன பேசுறேன். மன்னிச்சிடுங்க.

—உன்னை எதுக்கு மன்னிக்கணும்? அந்தப் பக்கம் அண்ணி அழுதுட்டு இருக்கா, இந்தப் பக்கம் நானும் முதல்ல அதைத்தான் நெனச்சேன்.

—அண்ணே...

—அடிச்சியே, அந்தப் பேரைத் திரும்ப எழுதிக்கோ. நாளைக்கு என்ன வேலை?

—காலையில அண்ணிகிட்ட ஃபோன்ல வாக்குமூலம் வாங்கணும். அதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கணும். 'கூடப்பிறந்த அண்ணன்'னு எழுதணும்னு அவர்கிட்ட முதல்லயே சொல்லி வைக்கணும்.