தோன்காவின் மரத்தில் வசந்தம்

கோழிக்கூட்டின் கூரை அவ்வளவு பலவீனமானது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அதைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, தோன்காவின் ஆப்ரிகாட் மரத்திலிருந்து வழுக்கி அதன்மேல் விழுந்தேன். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தேவாலயத்திலிருந்து தோன்கா திரும்பினாள், கூடவே ஊர்த்தலைவர் வெல்கோ.

"என்ன மெதோதி அண்ணே, அடைகாக்குறீங்களா?" என்றார் வெல்கோ.

தோன்கா சிரிக்கவில்லை. "கோட்டுப் பையில என்ன?" என்றாள்.

பை நிறைய மொட்டுகள். எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவன் நான். அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிறு கட்டிக்கொள்வோம். பூத்த மரத்தைக் கண்ட அன்று கழற்றிக் கிளையில் கட்டிவிட்டால் வசந்தம் வந்ததாகக் கணக்கு. ஐந்து வருடங்களுக்கு முன், தோன்காவின் கையில் கயிறு கட்டும்போது, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டேன். அவள் கணவர் கெஞ்சோ இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் கல்யாணமே ஆகாதவன்.

"இந்தக் கயிறக் கழட்டுற அன்னைக்குச் சொல்றேன். அதுவும் என் மரம் பூத்தாத்தான். ஊரான் மரத்துல கட்டுற வழக்கம் எனக்கில்ல."

அந்த வருடம் கடும் உறைபனி மொட்டுகளைக் கருக்கிவிட்டது. அதில் என் பங்கு எதுவுமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மார்ச் முழுக்க, தினமும் சாயங்காலம் காபிக் கோப்பையோடு மரத்தடியில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"இன்னும் இல்ல."

எனக்குப் பார்வை கூர்மை என்று நம்பினாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைச் சூடாகத் தட்டில் கொண்டுவருவாள். அறுபது வயதுவரை எனக்காக யாரும் அடுப்பு பற்றவைத்ததில்லை.

மறுவருடம் மொட்டு விட்டது. கடுகளவு சிவப்பு. முதலில் பார்த்தவன் நான்தான். பூத்தால் பதில் வரும். பதில் வந்தால் காபி நின்றுவிடும் என்று தோன்றியது. கூட்டுப்பண்ணைத் தோட்டத்தில் முப்பது வருடம் மொட்டு கிள்ளியவன்; விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணில் படுகிற கிளையை மட்டும்தான் கிள்ளினேன். பிறகு மற்ற கிளைகள் பொருந்தாமல் தெரிந்தன. எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

கிள்ள நேரம் வேண்டுமே. மரத்தை நட்டவர் கெஞ்சோ. ஒருவேளை அவருக்குத்தான் சம்மதமில்லையோ என்று தோன்காவிடம் ஆறுதலாகச் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். எனக்கு ஞாயிறு காலைகள் கிடைத்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், காய்க்காத மரத்தின் முன் கோடரியை ஓங்கி மிரட்டுவது எங்கள் வழக்கம். பக்கத்தில் ஒருவர் நின்று, "வெட்டாதே, வர்ற வருஷம் காய்க்கும்" என்று மூன்று தடவை உறுதி சொல்ல வேண்டும். தோன்கா ஓங்குவாள். உறுதி சொன்னவன் நான். ஒவ்வொரு வருடமும், மனதாரத்தான் சொன்னேன். சென்ற முறை அவள் குரல் உடைந்தது: "இதான் கடைசி, மெதோதி. வர்ற வருஷமும் பூக்கலைன்னா நெஜமாவே வெட்டிடுவேன்."

இதைத் திருட்டு என்கிறார் வெல்கோ. ஒரு மொட்டைக்கூட நான் விற்றதில்லை.

சொல்லி முடித்தேன். தோன்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆறு கயிறுகள், பழையவை வெளிறி நிறம் போயிருந்தன. ரொட்டிக் கடையில் அதற்காக அவளைக் கேலி செய்வார்கள். உள்ளே போனாள். கோடரியோடு வந்தாள். மரத்தைத் தாண்டி, கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்று ஓங்கினாள்.

"வெல்கோ தம்பி, இத வெட்டிடட்டா?"

வெல்கோவும் இந்த ஊர்க்காரர்தான். "வெட்டாதீங்கக்கா, வர்ற வருஷம் காய்க்கும்" என்றார்.

இரண்டாம் தடவை ஓங்கினாள். வெல்கோ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

மூன்றாம் தடவை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிருங்கக்கா, இதுக்கு மேல நான் பொறுப்பேத்துக்க முடியாது."

கோடரி கூட்டின் கட்டையில் இறங்கியது. கோழிகள் சிதறின.

"தோன்கா, பதில்?" என்றேன். கேட்க எனக்கு உரிமை இருந்தது.

"மொத வருஷமே 'சரி'ன்னு முடிவு பண்ணிட்டேன்யா. அதச் சொல்லத்தான் ஆறு கயிறோட திரிஞ்சேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்க. இல்ல."

வெல்கோ அறிக்கை எழுதக் குறிப்பேட்டை எடுத்தார். அவசரத்தில் ஒரு வார்த்தை விட்டுவிடப் போகிறாரே என்று, "'இன்னும் இல்ல'ன்னு எழுதுங்க" என்றேன்.