பின்பாட்டு

எங்கள் வீட்டில் காபி எப்போதும் நன்றாக இருக்கும். டிகாக்‌ஷனை முதல் நாளே இறக்கி வைக்கிற சோம்பேறித்தனம் என்னிடம் கிடையாது. காலையில் புதிதாக இறக்கி, அத்திம்பேர் கையில் டம்ளரைக் கொடுத்து, அவர் விரல்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டனவா என்று பார்த்த பிறகுதான் என் காபியைத் தொடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது.

அத்திம்பேர் என்றால் என் அக்கா விஜயலக்ஷ்மியின் கணவர், ஸ்ரீனிவாசராகவன். பாங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி அவர் கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ஒரே பிள்ளை ஸ்ரீநாத் அமெரிக்காவில் இருக்கிறான். அக்கா இரண்டு வருஷம் முன்னால் தொண்டைப் புற்றில் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் நான், ஹம்சா. கல்யாணம் ஆகாதவள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில், அக்கா வீட்டு உள் அறையில், பாதி ஆயுசுக்கு மேல் கழித்துவிட்டேன்.

அக்கா பாடகி. டிசம்பர் சீசனில் சாயங்காலக் கச்சேரி கிடைக்கிற அளவுக்குப் பாடகி. நான் அவளுக்குப் பின்னால் தம்புராவை வைத்துக்கொண்டு பின்பாட்டுப் பாடுவேன். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் திரும்பி வந்ததும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. பத்திரிகையில் விமரிசனம் வரும். பிடில்காரர் பேர் வரும், மிருதங்கக்காரர் பேர் வரும். என் பேர் வராது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருப்பேனா?

அக்காவின் கச்சேரிக் கேசட்டுகளை ஸ்ரீநாத் காலேஜில் படிக்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். பூஞ்சை பிடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டு மொத்தத்தையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்தான். மீடியா சர்வர் என்பான். எங்களுக்கு அது பெட்டி. செருப்பு அலமாரி மேல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். கூடத்துச் சுவரில் ஒரு ஸ்பீக்கர், வாயால் சொன்னால் கேட்ட பாட்டைப் போடும். அத்திம்பேர் காபி குடித்துவிட்டு, "விஜயலக்ஷ்மி, சஹானா" என்று ராகத்தின் பேரைச் சொல்வார். அக்கா பாடுவாள். கண் தெரியாத மனுஷருக்கு அதுதான் பொழுது விடிவது.

போன வருஷம் அந்தப் பெட்டி பழுதாகிவிட்டது. லீவில் வந்த ஸ்ரீநாத் புதிதாக ஒன்றை வாங்கிப் பாட்டையெல்லாம் அதில் மாற்றி வைத்துவிட்டுப் போனான். அவன் விமானம் ஏறின மறுநாள் பார்த்தால் முக்கால்வாசிப் பாட்டைக் காணோம். அத்திம்பேர் தவித்துப் போய்விட்டார். ஸ்ரீநாத் அங்கிருந்தே தேடிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தான். கேசட்டுகளை ஏற்றின காலத்தில் ஒவ்வொரு பாட்டின் பேரிலும் கச்சேரி நம்பருக்கு முன்னால் அவன் ஒரு ஹேஷ் போட்டிருந்தான். போனில் சைபருக்குப் பக்கத்தில், கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்குமே, அந்தக் குறி.

"சித்தி, பேர்ல அந்தக் குறி இருந்தா புதுப் பொட்டி அந்தப் பாட்டையே தாண்டிண்டு போயிடறது. பாட்டு உள்ளதான் இருக்கு, அதுக்குத் தெரியலை. லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொண்ணாக் குறியை எடுத்துடு, போறும்."

எடுத்தேன். நிறைய இருந்ததால் சில நாள் பிடித்தது. அதற்குள் ஒரு காலை, ஸ்பீக்கர் பேசாமல் இருந்தபோது, அத்திம்பேர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஹம்சா, நீயாவது ஒண்ணு பாடேன்."

பாடினேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டார். "நன்னாருக்கே. இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிண்டிருந்தே?" என்றார். அன்றைக்கு நான் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டார்.

குறிகளையெல்லாம் எடுத்து முடித்ததும் அக்கா திரும்பி வந்துவிட்டாள். என்னைப் பாடச் சொல்வதும் நின்றுபோயிற்று. ஆகவே ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் குறியைத் திரும்பப் போட்டேன். சஹானாவுக்கு. நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரில் ஒரு சின்னக் குறி, நினைத்தால் எடுத்துவிடலாம்.

"சஹானா வரலையே, ஹம்சா."

"எந்த சஹானா, அத்திம்பேர்? அக்கா கச்சேரில சஹானா பாடினதே இல்லையே."

"இல்லையாவது. தி.நகர் சபாவுல மழை கொட்டி, கரண்ட் போய், மைக் இல்லாம பாடினாளே. வெளில கிளம்பினவாகூடத் திரும்பி வந்து நின்னுண்டு கேட்டாளே. யாரோ பாட்டரி ரெக்கார்டர்ல பிடிச்சுக் குடுத்தாளே."

அந்த மழை எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. தம்புரா மேல் சாரல் படாமல் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு அக்காக்குத் தொண்டை கட்டிண்டிருந்தது. சஹானா பாடினது நான்தான்" என்றேன். என் கையில் காபி டம்ளர் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அப்புறமும் நான் அவசரப்படவில்லை. கல்யாணி போயிற்று. கொஞ்ச நாள் கழித்து பெஹாக். ஒவ்வொன்றும் போகும்போது அதைச் சேர்ந்த ஞாபகத்தையும் பக்குவமாகத் திருத்திக் கொடுத்தேன். அவர் முதலில் சண்டை போட்டார். பிறகு கெஞ்சினார். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியைத் தானே தட்டிக்கொள்ள ஆரம்பித்தார். வலிக்கும் என்று கையைப் பிடித்து விலக்கியது நான்தான்.

ஸ்ரீநாத்திடம் அவர் முறையிடாமல் இல்லை. ஆனால் ஸ்ரீநாத் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குத் தகவல் அனுப்பிவிட்டுத்தான் கூப்பிடுவான். நான் குறியை எடுத்து வைப்பேன். அவன் அங்கிருந்து பாட்டைத் தட்டுவான், இங்கே அக்கா பாடுவாள்.

"இருக்கேப்பா. இதோ பாடறாளே அம்மா."

அத்திம்பேர் எழுந்து போய் ஸ்பீக்கர் இருக்கும் சுவரில் கையை வைத்துக்கொண்டு கேட்பார். கன்னத்தில் வழிவதைத் துடைத்துக்கொள்ள மாட்டார். பேசி முடித்ததும் நான் குறியைப் போட்டுவிடுவேன்.

"நேத்து பாடினாளே, ஹம்சா. இன்னிக்கு ஏன் வரலை?"

"நேத்தா? நேத்து ஸ்ரீநாத் பேசவே இல்லையே, அத்திம்பேர்."

அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்ன கிழமை, என்ன மாசம் என்றெல்லாம் கேட்டார். அத்திம்பேர் சரியாகவே சொன்னார். பாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், தூக்கம் வரும் என்றார். விஷயம் கேட்டு ஸ்ரீநாத் போனில் விம்மினான். "நீ இல்லேன்னா அப்பா கதி என்னாகும், சித்தி" என்றான். நியாயமான கேள்விதான்.

ஒரே இடைஞ்சல் சுலோச்சனா. வீடு பெருக்கிப் பாத்திரம் தேய்க்க வருகிறவள். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவளை அரசாங்கத்தில் காலி பண்ணி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அத்திம்பேர் முன்னாலேயே விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இன்னாம்மா இப்டி சொல்ற? தம்பி போன்ல பேசுனப்ப நான் இங்கதான் பெருக்கிக்கினு இருந்தேன். பெரியம்மா பாட்டு ஓடிக்கினு இருந்துச்சு. அய்யாவுக்கு ஒண்ணும் ஆவல. அவரு சரியாத்தான் கீறாரு."

அத்திம்பேர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கேட்டியா ஹம்சா, கேட்டியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுலோச்சனா மேல் எந்தப் பழியும் போடவில்லை. வெள்ளி டம்ளர் ஒன்றைக் காணோம் என்று மட்டும், அவள் காதில் விழுகிற மாதிரி, அத்திம்பேரிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வயித்தெரிச்சல வாங்கிக் கட்டிக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. திருடுகிறவள் பேச்சை நம்பலாமா என்று அத்திம்பேரைக் கேட்டேன். டம்ளர் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். நான் பாடினால் கேட்பார். ஒரு காலை காபியை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஹம்சா, விஜயலக்ஷ்மி பாடுவாளோ?"

"அக்காவா? அவளுக்குப் பாட்டெல்லாம் வராது, அத்திம்பேர். நன்னாத் தளிகை பண்ணுவா. புளியோதரைன்னா அவ பண்ணணும்."

"ஆமாம், ஆமாம். புளியோதரை" என்று தலையாட்டினார்.

எனக்கு அவர் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. மனுஷர் இவ்வளவு சமாதானமாக ஆகிவிட்ட பிறகு குறி எதற்கு? லேப்டாப்பைத் திறந்து, போட்ட குறிகளையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்தேன். நானே சஹானாவைப் போட்டேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் செய்தது.

அக்கா பாடினாள். வெளியே மழைச் சத்தம்கூட அதில் பதிவாகியிருந்தது. அத்திம்பேர் மெள்ளத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"தி.நகர்ல மழையன்னிக்கு நீ பாடினதுதானே இது, ஹம்சா? என்ன குரல் உனக்கு."

"ஆமாம், அத்திம்பேர்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"ஆனா பின்னாடி யாரோ கூடவே இழுத்துண்டு வரா பாரு. சுருதியே சேரலை. நீ மூச்சு விடற இடத்துலல்லாம் வந்து கெடுக்கறா. அவளை எடுத்துட முடியுமா?"

"எடுத்துடலாம், அத்திம்பேர்."

பின்னால் வருகிற குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியாது. சஹானாவில் அவள் இருந்தாள். கல்யாணியில் இருந்தாள். எல்லாவற்றிலும் இருந்தாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிச்சயம்தானா என்று கேட்டது, ஆமாம் என்றேன். ஸ்ரீநாத்திடம் வேறு பிரதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்திம்பேர் காதுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

இப்போதெல்லாம் காபி ஆனதும் தினமும் நானே பாடுகிறேன். பாட ஆரம்பித்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிவிடுகிறார். அது அந்த மாத்திரையால்தான்.