மலையில் வீங்கிய பந்து

பாலமுனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். மலைமேல் இருக்கும் நுவரெலியாவில் கால்பந்து ஆடித் தோற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மடியில் இருந்த பந்தை விரலால் அமுக்கியபடி வந்தவன் சட்டென்று சொன்னான்:

“மச்சான், இந்தப் பந்து மலையில வீங்கிக் கல்லு மாதிரி இரிந்திச்சு. இப்ப பாரு, பழையபடி வந்திட்டு.”

“ஆரும் காத்தடிச்சிரிப்பானுகள்.”

“இல்லடா. போறப்ப கல்முனையில நான் அடிச்ச காத்துத்தான். ஒருத்தரும் தொடல்ல.”

மற்றவன் பந்தை வாங்கித் தானும் அமுக்கிப் பார்த்தான்.

“அங்க வெளியில காத்துக் கொறவு போல. அதான் உள்ளுக்க இரிக்கிற காத்துத் தள்ளியிரிக்கி.”

“அப்ப நமக்கு மூச்சு முட்டினதும் அதாலதானா?”

“ஓம், வேறென்ன!”

பந்துக்காரன் ஜன்னல் வழியே கடற்கரை மணலைப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது.

“அடுத்த மாசம் அந்த நுவரெலியாக்காரனுகள் இங்க ஆட வாறானுகள்தானே? நம்மட வெயில் அவனுகளுக்குப் பழக்கமில்ல. பகல் லுஹர் தொழுத கையோட மேட்ச்ச வைப்பம். சுடுமணல்ல ஓடி நாக்குத் தள்ளட்டும்.”

“அடுத்த மாசம் நமக்கு நோன்புடா மச்சான். இடையில தண்ணி குடிக்கப் போறது அவனுகள் மட்டுந்தான்.”