ஓய்வுநாள் பிள்ளை

— கம்பை வாசல்லயே வச்சுட்டு வாங்க, எலியாகிம் ஐயா. பிள்ளை பயப்படும்.

— பொறந்து ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ள பயமா? இல்ல, பயம் உனக்கா மெஹிட்டபெல்?

— பத்து வீட்டு ஒழுக்கம் பாக்குற சபைக் கண்காணிக்குப் பயப்படாதவங்க இந்த ஊர்ல யாரு? திங்கக்கிழமை காலங்காத்தால வந்து நிக்கிறீங்க...

— எப்பப் பொறந்தான்?

— நேத்து. பொழுது சாஞ்சப்புறம்.

— சாஞ்சப்புறம்னா...

— ஓய்வுநாள் முடிஞ்சப்புறம். மருத்துவச்சி ஹோப்ஸ்டில் வந்து சாட்சி சொல்லுவா.

— உன் அக்காதானே? நல்லாவே சொல்லுவா.

— ஓய்வுநாள்ல பொறந்தா ஓய்வுநாள்லதான் கருவாச்சு, அதனால ஞானஸ்நானம் கிடையாதுன்னு சட்டம் போட்டா, நாங்க என்னதான் செய்யிறது?

— பரிசுத்தமா வாழத்தானே கடல் தாண்டி வந்தோம்? சபை கெட்டுப்போச்சு, திருத்தணும்னு இந்தச் சட்டத்துல எல்லாருந்தான் கையெழுத்துப் போட்டோம். உன் புருஷனும் போட்டான்.

— போட்டாரு. அப்ப என் வயித்துல ஒண்ணும் இல்ல.

— நேத்து மத்தியானம் இந்த வீட்ல ஒரு பிள்ளை அழுதுச்சு.

— யாரு கேட்டா? ஊரே பிரசங்கத்துல உக்காந்திருந்துச்சே?

— நான் கேட்டேன்.

— தூங்குறவன் மண்டையில கம்பால தட்டுற நீங்களா பாதியில எந்திரிச்சு வந்தீங்க?

— அதை விடு. அழுதது உன் பிள்ளைதானே?

— மத்தியானம் இங்க பிள்ளையே இல்லையே!

— நல்லா யோசிச்சுச் சொல்லும்மா...

— ஐயா, முதல்ல உக்காருங்க.

— பனிக்காலத்துல எங்க வீட்லயும் ஒண்ணு பொறந்துச்சே...

— தெரியும். ஓய்வுநாள்ல.

— நானே போதகர்கிட்டப் போய், ஞானஸ்நானம் வேண்டாம்னு சொன்னேன். சட்டம் எனக்கும்தானேன்னு... எட்டாம் நாள் பிள்ளை செத்துப்போச்சு.

— ஐயோ...

— அதுலேர்ந்து ஓய்வுநாள் தவறாம, பிரசங்கம் நடக்கிறப்ப அந்தப் பிள்ளை அழுவுது. என் பொண்டாட்டிக்குக்கூடக் கேக்கல. எனக்கு மட்டுந்தான். நேத்து தாங்க முடியல, சத்தம் வந்த பக்கமே நடந்தேன். உன் ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னேன். உள்ள இருந்துதான் வந்துச்சு!

— என் வீட்டுக்குள்ள இருந்தா?

— அது உசுரோட இருக்கிற பிள்ளைன்னு மட்டும் சொல்லிடு. பொழுது சாஞ்சுதான் பொறந்தான்னு நானே சபையில சொல்றேன். ஞானஸ்நானத்துக்கு நானே தூக்கிட்டுப் போறேன்.

— சத்தியமா?

— கர்த்தர் மேல ஆணை.

— மத்தியானம்தான் பொறந்தான், ஐயா.

— அப்பாடா... தேவனே, ஸ்தோத்திரம்! அப்ப அவன்தான் அழுதான்!

— இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க, ஐயா. தாங்கமாட்டான்னு அக்கா சொல்லுறா... பொறந்ததுலேர்ந்து அவன் ஒரு தடவகூட அழலை.